மூணுக்கும் நாலுக்கும் நடுவே

ராஜபாளையத்தில் 'கிட்டார் அலெக்ஸ் வீடு' என்று சொன்னால், பஞ்சு மார்க்கெட்டில் நிற்கும் எந்த ஆட்டோக்காரரும் மறுகேள்வி கேட்காமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அப்படி ஒரு பேர். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவன். இப்போது ஒரு பஞ்சாலையில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டால் சர்ச்சில் பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் தேய்த்த வெள்ளைச் சட்டையும் தோளில் கிட்டாருமாக நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தலையாட்டல். பார்க்கிறவர்களுக்கு ஆள் பெரிய வித்துவான் என்று தோன்றும். அவனுக்கும் அப்படியே தோன்றிவிட்டது. வந்த வினையே அதுதான்.

அவனுடைய சரக்கு எவ்வளவு என்று நான் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது? ஒரே ஒரு குடும்பத்துக் கார்டுகள், அதாவது பல தந்தியைச் சேர்த்து அடிக்கும் சுரக்கூட்டங்கள், தெரியும். 'சி'யில் தொடங்கி அதற்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் நாலைந்து. விரலை எங்கே வைக்க வேண்டும் என்ற வடிவம் மட்டும் கைக்குப் பழக்கம். ஏன் அங்கே வைக்கிறோம் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. பாடுகிறவருக்குச் சுருதி உயர்த்த வேண்டுமென்றால் கேப்போ இருக்கவே இருக்கிறது. துணி காயப்போடும் கிளிப்பைப் பெரிதாகச் செய்தது போல ஒரு சாமான். கிட்டாரின் கழுத்தைக் கவ்வினால் ஆறு தந்தியும் அந்த இடத்திலிருந்து புதிதாகத் தொடங்கும். விரல் அதே வடிவம், சத்தம் மட்டும் மேலே போய்விடும். சோம்பேறிகளுக்கென்றே எவனோ புண்ணியவான் கண்டுபிடித்தது.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே குறுக்கே கம்பி பதித்துக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள் அல்லவா, அதை ஃப்ரெட் என்பார்கள். ராணுவ முகாமில் அலெக்ஸுக்குச் சொல்லிக்கொடுத்த சங்கிலிப்பாண்டி அதைக் 'கட்டை' என்று சொல்லிப் பழகியவன். "ரெண்டாங்கட்டைல கேப்போவப் போடுலே" என்பான். அலெக்ஸும் ரெண்டாங்கட்டையில் போட்டான். ஊருக்கு வந்து பாடகர் குழுவில் சேர்ந்தால், அங்கே முன்னால் நின்று பாடும் தேவநேசன் அண்ணன், "தம்பி, எனக்கு எப்பவும் ரெண்டு கட்டைதான்" என்றார். அட, இது நமக்குத் தெரிந்த பாஷையாயிற்றே என்று அலெக்ஸ் இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போவைப் போட்டான். அச்சாகப் பொருந்தியது.

பொருந்தாமல் போயிருந்தால் அன்றைக்கே பிழைத்திருப்பான். பாட்டுக்காரர்கள் சொல்லும் கட்டை ஆர்மோனியத்துக் கட்டை. கிட்டார் கழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இரண்டில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகும். தேவநேசன் அண்ணன் பிடிவாதமாக எல்லாப் பாட்டையும் இரண்டிலேயே பாடினதால், நம்ம ஆள் வருஷக்கணக்காக மேதையாக இருந்தான்.

இப்படி இருக்கும்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவனுடைய கொழுந்தியாள் எலினாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது.

மாமனார் இருதயம், போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் பரிபூரணம். மூத்த மகள் ஜூடியைத்தான் அலெக்ஸ் கட்டியிருக்கிறான். அந்த ஊர் சர்ச்சில் ஜூடி சின்னப் பிள்ளையிலிருந்தே பாடுகிறவள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவள் தனியாக ஒரு பாட்டுப் பாடாவிட்டால் சபையில் பாதிப் பேருக்குப் பண்டிகை வந்ததாகவே இருக்காது. கல்யாணமாகி ராஜபாளையம் வந்தபின் குழுவோடு குழுவாக நின்று, தேவநேசன் அண்ணனின் இரண்டு கட்டைக்குள் அடங்கிப் பாடினாள். அவள் தனியாகப் பாட, புருஷன் வாசித்தது என்று ஒரு தடவைகூட நடந்ததில்லை.

"நிச்சயத்துல அக்காதான் ஆசீர்வாதப் பாட்டுப் பாடணும், அத்தான்தான் கிட்டார் வாசிக்கணும்" என்று எலினா ஒற்றைக்காலில் நின்றாள். ஜூடிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஒருக்க வீட்டுல வச்சுப் பாடிப் பாத்துருவோமாங்க?" என்று கேட்டாள்.

"ரிகர்சலா? எனக்கா?" என்றான் அலெக்ஸ். நாக்கில் சனி.

சர்ச்சை ஒட்டிய மண்டபத்தில் நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் சேத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். புதுச் சம்பந்தி முன்வரிசையில் உட்கார்ந்து, "மூத்த மாப்பிள்ளை பெரிய கிட்டார்க்காரவுகளாம்லா. ஸ்கேலெல்லாம் அத்துப்படியோ?" என்று விசாரித்தார். அலெக்ஸ் கிட்டாரின் காதைத் திருகியபடியே, "ஸ்கேல் தெரியாம கிட்டாரத் தொடலாமா மாமா?" என்றான். ஸ்கேல் என்றால் ஏதோ பெரிய விஷயம் என்பதற்கு மேல் அவனுக்கு அதில் ஒன்றும் தெரியாது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

கீபோர்டில் ஜூடியின் சித்தி மகன் எட்வின். "எத்தன கட்டைக்கா?" என்று கேட்டான்.

"நாலு" என்றாள் ஜூடி.

அலெக்ஸ் நாலாவது ஃப்ரெட்டில் கேப்போவைப் போட்டான். கண்ணை மூடினான்.

எட்வின் முன்னிசை வாசித்து முடிக்க, ஜூடி எடுத்தாள். அலெக்ஸ் முதல் கார்டை ஓங்கி அடித்தான். ஏதோ பல்லைக் கூசவைப்பது போல ஒரு கரகரப்பு. ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்துக்கொண்டான். ஒரு வரி போவதற்குள் அந்தக் கரகரப்பும் போய்விட்டது. கீபோர்டும் கிட்டாரும் கைகோத்துக்கொண்டு நடந்தன. ஆனால் ஜூடியின் குரல் மட்டும் தனியாக, ஒரு மயிரிழை மேலே நின்றது. சபையில் தலைகள் அசைந்தன. அலெக்ஸ் கண்ணைத் திறந்தான். எதிரே மைக் இருந்தது. தாராளமாகச் சிரித்துக்கொண்டே அதில் சொன்னான்:

"சுருதியப் புடி ஜூடி, மேல போற பாரு. கிட்டாரக் கேளு, கிட்டாரக் கேளு."

மண்டபத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜூடி ஒரு நொடி நின்றாள். பிறகு குரலை இறக்கினாள். பாட்டின் நடுவில் அப்படித் திடீரென்று இறங்கினதில் தொண்டை இடறியது. கீழே போகிற ஒரு வரி காற்றாக மட்டும் வந்தது. முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு மிச்சத்தைப் பாடி முடித்து, பெண்கள் வரிசையில் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சின்ன வயதிலிருந்து அவள் பாடிக் கேட்ட சபை, அன்று மரியாதைக்குக் கைதட்டியது.

திரும்பும்போது பைக்கில் அலெக்ஸுக்கு ராஜபாளையம் வரும்வரை வாய் ஓயவில்லை. பெரிய கூட்டமென்றால் பதட்டம் வருவது சகஜம், இதற்கெல்லாம் மனசை விடக்கூடாது, தினமும் கிட்டாரோடு பாடிப் பழகினால் காது தானாகத் திருந்தும், வேண்டுமானால் நானே சொல்லித்தருகிறேன். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்! பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு வார்த்தை நுழைக்க இடமில்லை.

அதோடு ஜூடி பாடுவதை நிறுத்திவிட்டாள். சண்டையில்லை, முறைப்பில்லை. சோறு, குழம்பு எல்லாம் நேரத்துக்கு வந்தது. ஆனால் காலையில் அடுப்படியிலிருந்து வரும் பாட்டு நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை குழுவோடு நின்றாள், உதடு அசைந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அழகுத்தாய் ஒருநாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "என்ன தம்பி, உங்க வீட்டு ரேடியோ ரிப்பேரா? அந்தச் சத்தத்துலதான் எங்க வீட்டுல பிள்ளைக எந்திரிக்கும். இப்பம் பள்ளிக்கூட வேனத் தவற விட்டுட்டு நிக்குதுக" என்று சிரித்தாள். அலெக்ஸும் சிரித்தான். சிரித்துவிட்டு உள்ளே வந்தால் வீடு வெறிச்சென்று இருந்தது.

மாமியார் போன் செய்தார். "மாப்ள, எலினா கல்யாணத்துக்குப் பாட மாட்டேன்னு சொல்லுதா ஜூடி. வேற யாரையாச்சும் பாத்துக்கிடுங்கங்கா. சின்னவ ஒரே அழுகை. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பா."

"நான் பாத்துக்கிடுதேன் அத்தே" என்றான் அலெக்ஸ்.

அவன் பார்த்துக்கொள்வதற்குப் போட்ட திட்டம் என்ன தெரியுமா? நிச்சயத்து வீடியோ குடும்ப வாட்ஸப்பில் வந்திருந்தது. அதை உட்கார்ந்து நன்றாகக் கேட்டு, ஜூடி எந்த வரியில் எப்படி விலகினாள் என்று பிடித்துவைத்துக்கொண்டு, பக்குவமாக அவளுக்கு எடுத்துச்சொல்லி, பயத்தைப் போக்கிப் பாடவைப்பது. அடேயப்பா!

சனிக்கிழமை சாயங்காலம் பாடகர் குழு வருவதற்கு முன்னாலேயே சர்ச்சுக்குப் போனான். காலி பெஞ்சில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனைச் சொருகிக்கொண்டு வீடியோவைப் போட்டான். முன்னிசை. ஜூடியின் குரல் வந்து அதன்மேல் உட்கார்ந்தது. இம்மி விலகல் இல்லை. சரி, இன்னும் வரவில்லை, இனிமேல்தான் என்று காத்திருந்தான். அப்புறம் அவனுடைய கிட்டார் நுழைந்தது. அந்தக் கரகரப்பு. ஸ்பீக்கரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒரு ஓட்டு வீட்டுக்குள் தெரியாத்தனமாகப் புகுந்த மாடு மாதிரி கிட்டார் மட்டும் இடித்துக்கொண்டு நின்றது. அடுத்த வரியில் கீபோர்டு சட்டென்று ஒரு படி கீழே குதித்து கிட்டாரோடு சேர்ந்துகொண்டது. ஜூடி நின்ற இடத்திலேயே நின்றாள்.

மறுபடி போட்டுக் கேட்டான். மறுபடியும் அதேதான். கீபோர்டு ஏன் குதித்தது? எட்வினுக்குப் போன் போட்டான்.

எட்வின் முதலில் மென்று முழுங்கினான். "அத்தான், அதெல்லாம் எதுக்கு இப்ப, முடிஞ்சு போன காரியம்" என்றான். அலெக்ஸ் விடவில்லை.

"இல்லத்தான்… நீங்க கட்டை மாத்திப் போட்டுட்டீக. சேத்தூர்க்காரவுக எல்லாம் இருக்காக, உங்ககிட்டப் போயி எப்பிடிச் சொல்ல? மாப்பிள்ளையாச்சே. அதான் ட்ரான்ஸ்போஸ் பட்டன அமுக்கி நான் கீபோர்ட ஒண்ணு எறக்கிட்டேன். அக்காவும் கூடவே எறங்கிருவான்னு நெனச்சேன்."

"மாத்திப் போட்டேனா? நாலு கட்டைன்னு ஜூடி சொன்னா. நான் நாலாவதுலதானே போட்டேன்?"

எட்வின் மிக மெதுவாக, ஏதோ சாவுச் செய்தி சொல்கிறவன் போலச் சொன்னான்: "அத்தான், நாலு கட்டைன்னா எஃப். கிட்டார்ல உங்க வடிவத்துக்கு அஞ்சாவது ஃப்ரெட்டுல்லா வரும். மூணுக்கும் நாலுக்கும் நடுவுல அரை கிடையாதே."

அலெக்ஸ் போனை வைத்துவிட்டு எழுந்துபோய் சர்ச் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தான். இத்தனை வருஷம் அதன் பக்கத்தில் நின்றிருக்கிறான். ஒருநாளும் அதைக் குனிந்து பார்த்ததில்லை. முதல் வெள்ளைக் கட்டையை அமுக்கினான்: ஒன்று. அடுத்து கறுப்பு: ஒன்றரை. வெள்ளை: இரண்டு. கறுப்பு: இரண்டரை. வெள்ளை: மூணு. அடுத்த கறுப்புக்கு விரல் போனது. அங்கே கறுப்பு இல்லை. வெள்ளையை ஒட்டி நேராக இன்னொரு வெள்ளை: நாலு.

கிட்டாரை மடியில் எடுத்து அதையே எண்ணினான். கேப்போ போடாமல் இருந்தால் ஒன்று. முதல் ஃப்ரெட் ஒன்றரை, இரண்டாவது ஃப்ரெட் இரண்டு. அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் எண் ஒத்துப்போகிறது. மூன்றாவது ஃப்ரெட் இரண்டரை. நாலாவது ஃப்ரெட், ஐயோ, மூணுதான். ஐந்தாவதில்தான் நாலு கட்டை. இவன் அரை சுரம் கீழே உட்கார்ந்துகொண்டு, சரியாக நின்றவளைப் பார்த்து மேலே போகிறாய் என்று சொல்லியிருக்கிறான். அதுவும் மைக்கில்.

விரல் அதோடு நிற்கவில்லை. இரண்டாவது தந்தியில் முதல் ஃப்ரெட்டை ச என்று வைத்துக்கொண்டு மேலே போனான். ரி-க்கு இரண்டு ஃப்ரெட் தாண்டினான். க-வுக்கு இன்னும் இரண்டு. ம-வுக்கும் இரண்டு தாண்டினால் காது வேண்டாம் என்றது, ஒன்று போதும். அப்புறம் இரண்டு, இரண்டு, இரண்டு, கடைசியில் மேல் ச-வுக்கு மறுபடியும் ஒன்று. ஏழு சுரமும் பரேடில் நிற்கிற சிப்பாய்கள் மாதிரி ஒரே இடைவெளியில் நிற்கும் என்றுதான் அவன் எண்ணியிருந்தான். இல்லை. சில சுரங்களுக்கு நடுவில் இடம் இருக்கிறது, சில சுரங்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. எங்கே இடம், எங்கே உரசல் என்று தெரிந்துவைத்திருப்பதற்குப் பேர்தான் ஸ்கேல். 'ஸ்கேல் தெரியாம கிட்டாரத் தொடலாமா மாமா' என்று தான் சொன்னது அவன் காதில் திரும்பக் கேட்டது. அந்தக் காலிச் சர்ச்சில், ஒரு மனிதர் இல்லாத இடத்தில், அலெக்ஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். பைக்கில் பேசியது ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது. 'காது தானாகத் திருந்தும்.' 'நானே சொல்லித்தருகிறேன்.' நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஜூடி அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிலைப்படியில் நின்றபடியே சொல்லிவிட்டான், உட்கார்ந்தால் வராது என்று.

"ஜூடி, அன்னைக்குத் தப்பு எம்மேல. நான் அஞ்சாவதுல போட்டிருக்கணும்."

"தெரியும்ங்க" என்றாள் அவள், தலை நிமிராமல்.

"தெரியுமா?"

"நீங்க மொதக் கார்டு அடிச்சப்பவே தெரியும்."

"பின்ன ஏன்ட்டி சொல்லல?"

"எங்க வச்சுச் சொல்ல? மேடையில சொல்லியிருந்தா உங்களுக்கு எப்பிடி இருந்திருக்கும்? சரி, வண்டில போகும்போது சொல்லுவோம்னு பாத்தேன். நீங்க எங்க எடம் குடுத்தீக?" வெங்காயத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "எங்கம்மா அன்னைக்கு என்னைய உள்ள கூட்டிட்டுப் போயி என்ன சொன்னாகன்னு தெரியுமா? மாப்பிள்ள எங்க போறாகளோ அங்க நீயும் போக வேண்டியதுதானே, ஒத்தையில மேல நிக்கச் சொல்லி ஒன்னய யாருட்டி கேட்டான்னு வஞ்சாக. அவியளுக்கும் தெரியும், நீங்கதான் தப்புன்னு. எங்கப்பாவுக்குத் தெரியும். கோயில்ல பாதிப் பேருக்குத் தெரியும்."

அலெக்ஸ் அந்த நாளை மறுபடி ஓட்டிப் பார்த்தான். அப்படியென்றால் அன்று சிரித்தது ஜூடியைப் பார்த்து இல்லை. சாப்பிடும்போது "மாப்ள வாசிப்பு அருமை" என்று வந்து கையைப் பிடித்தவர்கள், எல்லாம் தெரிந்தேதான் பிடித்திருக்கிறார்கள். இவன் அத்தனை கைக்கும் குலுக்கு குலுக்கென்று கை கொடுத்திருக்கிறான்.

"இப்ப ஒத்துக்கிட்டேன்லா ஜூடி. எலினா கல்யாணத்துல பாடு."

ஜூடி அப்போதுதான் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, வெங்காயமாகவும் இருக்கலாம். "கட்டை மாறிப் போச்சுன்னு எனக்குக் கோவம் இல்லைங்க. அது யாருக்கும் வரும். ஆனா மைக்குல சொன்னீகளே. நான் பெறந்து வளந்த கோயில்ல, மைக்குல. அத இந்த அடுப்படில வச்சு இல்லைன்னு சொன்னா எப்பிடிங்க ஆகும்?"

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் தனியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினான். முதலில் மாமனார் மாமியார் காலில் விழாத குறையாக ஒத்துக்கொள்வது, பிறகு கல்யாணத்தன்று மைக்கில் சொல்ல அனுமதி கேட்பது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். ரிகர்சலின் அருமை இப்போது தெரிகிறது ஐயாவுக்கு.

போன வீட்டில் அவனைப் பேச விட்டால்தானே! "வாங்க மாப்ள" என்று மாமனார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "அன்னைக்கு நிச்சயத்துல நான்…" என்று ஆரம்பித்தான். "மொதல்ல கலர் சாப்பிடுங்க" என்று பாட்டிலை உடைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு, "கிட்டார்ல நான்…" என்றான். "இலையப் போட்டாச்சு, கை கழுவுங்க" என்றார் மாமியார். இலையில் உட்கார்ந்து, "அத்தே, தப்பு எம்மேல" என்றான். "மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு துண்டு மீன் வைட்டி" என்று பரிபூரணம் எலினாவை அதட்டினார். எலினா வைத்தாள். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் வைத்தாள்.

கடைசியில் கை கழுவும் இடத்தில் மாமனாரை மறித்துச் சொல்லியே விட்டான், கல்யாணத்தன்று மைக்கில் சபைக்கு முன்னால் பேசப்போகிறேன் என்று.

இருதயம் பதறிப்போனார். கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. "வேண்டாம் மாப்ள. சேத்தூர்க்காரவுக முன்னாலயா? எங்க வீட்டு மாப்பிள்ளை தலை குனிஞ்சு நின்னா எங்க மரியாதை என்னத்துக்கு ஆகும்? நாங்க யாருகிட்டயும் மூச்சு விடல. நீங்களும் விட்டுருங்க." அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ பாடாட்டாலும் பரவால்ல மாப்ள."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அலெக்ஸுக்கு அந்த வார்த்தை செருப்பால் அடித்தது போல விழுந்தது. பெற்ற தகப்பன், மகளுடைய பாட்டை எடுத்து மருமகனுடைய கௌரவத்துக்கு முட்டுக் கொடுக்கிறார். அதுவும் என்ன கௌரவம்? நாலு கட்டை தெரியாத கௌரவம். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தான். கண்டக்டர் தெரிந்தவர்; "என்ன கிட்டாரண்ணே, மாமியார் வீட்டு விருந்தா?" என்றார். இவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினான்.

கல்யாணம் வந்தது. ஆராதனை முடிந்து அதே மண்டபத்தில் வரவேற்பு. எலினாவும் மாப்பிள்ளை ரிச்சர்டும் மேடையில். சேத்தூர் சம்பந்தி அதே முன்வரிசையில். ஆசீர்வாதப் பாட்டுக்கு வேறொரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவள் தாளை விரித்துக்கொண்டு எழுந்தாள். ஜூடி பெண்கள் பக்கம் தன் அம்மாவுக்கு அருகில் உட்கார்ந்திருந்தாள். அலெக்ஸ் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கிட்டாரை மாட்டிக்கொண்டு போய் மைக்கைப் பிடித்தான். அதன் உயரத்தைச் சரிசெய்ய மூன்று தடவை திருக வேண்டிவந்தது. எல்லையில் காவல் நின்ற கை ஐயா அது.

"சேத்தூர் மாமா நிச்சயத்துல எங்கிட்ட ஒண்ணு கேட்டாக. ஸ்கேலு அத்துப்படியான்னு" என்றான். "எனக்குத் தெரியாது. நாலு கட்டைன்னா கிட்டார்ல அஞ்சாவதுல போடணும். நான் நாலாவதுல போட்டேன். அது தெரியாமத்தான் இத்தன வருஷமா வாசிச்சிருக்கேன். அன்னைக்கு ஜூடி சரியாத்தான் பாடுனா. தப்பா வாசிச்சது நான். தப்பா வாசிச்சதோட நிக்காம, அவளச் சுருதியப் புடின்னு இதே மைக்குல சொன்னேன். அவளுக்குத் தெரியும். இருந்தும் எனக்காகக் கீழ எறங்கிப் பாடுனா. உங்களுக்கும் தெரியும். மாப்பிள்ளைன்னு யாரும் சொல்லல." ஜூடி இருந்த பக்கம் திரும்பினான். "அவ மன்னிக்கணும். நீங்களும் மன்னிக்கணும்."

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். பரிபூரணம் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினார். சேத்தூர் சம்பந்தி எதற்கும் இருக்கட்டும் என்று இருமினார். அலெக்ஸுக்குக் காது மடல் கொதித்தது; இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. கேப்போவை எடுத்து அஞ்சாவதில் போட்டுவிட்டு, அப்படியே நின்றான்.

ஜூடி உடனே எழுந்துவிடவில்லை. அவள் ஒன்றும் கிளிப்பிள்ளை இல்லையே, கூப்பிட்டதும் வர. கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தாள். மடியில் கிடந்த பூவை அம்மாவிடம் கொடுத்தாள். பரிபூரணம் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மகள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பிறகு ஜூடி எழுந்து, அத்தனை கண்ணும் தன்மேல் இருக்க, நிதானமாக நடந்து மேடைக்கு வந்தாள். தாளோடு நின்ற பெண் சந்தோஷமாக விலகினாள்.

வந்தவள் மைக்குக்குப் போகவில்லை. நேராகப் புருஷன் முன்னால் வந்து நின்றாள். குனிந்து, கிட்டார் கழுத்தில் ஒற்றை விரலை வைத்து எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. சபை முழுக்கக் கழுத்தை எக்கிப் பார்த்தது. அஞ்சாவதில் விரல் கேப்போவில் வந்து முட்டியதும், மைக் பக்கம் திரும்பினாள்.

"சரியா இருக்கு" என்றாள்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. சேத்தூர் சம்பந்தி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். எலினா மேடையில் அழுதுகொண்டே சிரித்தாள். மாமனார்கூடக் குனிந்த தலையை நிமிர்த்தினார். அத்தனை சிரிப்பும் தன்மேல் விழ, அலெக்ஸ் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி இந்த ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதெல்லாம் எவனாவது விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணிக் காட்டப்போகிறான் என்று தெரிந்தது. எண்ணட்டும் என்று நினைத்தான்.

ஜூடி எட்வினைப் பார்த்துத் தலையசைத்தாள். முன்னிசை முடிந்தது. அவள் எடுத்தாள், தன் நாலு கட்டையில், ஒரு நூல் பிசகாமல். அலெக்ஸ் அன்றைக்குக் கண்ணை மூடவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு, அவள் போன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போனான்.